கஷாயம் குடித்தவரும் கால் பிடித்தவளும்

சலினாஸ் துறையில் அறுபது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு எந்த நோயும் கிடையாது. நோயெல்லாம் அவர்களுடைய ஒன்றுவிட்ட தம்பிகளுக்குத்தான். ஒன்றுவிட்ட தம்பிக்கு மூத்திரம் சொட்டுச்சொட்டாகப் போகிறது, ஒன்றுவிட்ட தம்பி ராத்திரியில் ஐந்து தடவை எழுந்திருக்கிறான், அவனுக்கு என்ன கொடுக்கலாம் என்று இவர்கள் மருந்து விசாரிப்பார்கள். பெருவின் வடகரையில் இவ்வளவு ஒன்றுவிட்ட தம்பிகள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று தோரிலாவுக்கு விளங்கியதே இல்லை. திருவிழாவுக்குக்கூட அவர்களில் ஒருவனும் வந்து அவள் பார்த்ததில்லை.

அவளுடைய புருஷன் சத்துர்னினோ கெரெவாலுவுக்கு அறுபத்தெட்டு வயது. அவருக்கும் ஒரு ஒன்றுவிட்ட தம்பி இருந்தான். இரண்டு வருஷமாக அந்தத் தம்பியின் நோயை இவர் சுமந்துகொண்டிருந்தார். கழிப்பறைக்குள் போனால், அரசு அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்குக் காத்திருப்பவரைப் போல நின்றுகொண்டே இருப்பார். கையெழுத்தும் அரைகுறையாகத்தான் கிடைக்கும். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மறுபடியும் கூப்பிடும். கேட்டால் முட்டி வலி, அதனால்தான் எழுந்து நடக்கிறேன் என்பார். முட்டி வலிக்கு எதற்குக் கதவைச் சாத்துகிறார் என்று தோரிலா கேட்டதில்லை. நாற்பத்தியொரு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குக் கேட்காமல் விடத் தெரியும்.

வெறும் கழிப்பறை விவகாரம் என்றால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். விஷயம் புனித பேதுருவின் இடது காலில் வந்து நின்றது.

வருஷாவருஷம் ஜூன் இருபத்தொன்பதாம் தேதி பேதுருவைச் சப்பரத்தில் சுமந்து வந்து, படகில் ஏற்றி, குடாவைச் சுற்றிக் காட்டுவார்கள். மீன்பிடிக்காரனாக இருந்தவராயிற்றே, வருஷத்துக்கு ஒரு தடவையாவது கடலைப் பார்க்க வேண்டாமா. வெகுகாலத்துக்கு முன்னால் ஒரு வருஷம் அலை தூக்கியடித்ததில் புனிதர் தலைகுப்புறக் கடலில் விழுந்தார். வலைபோட்டு எடுத்தார்கள். இரண்டு விரல்கள் போனது போனதுதான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் மீனும் வரவில்லை. அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. படகில் ஒரு ஆள் புனிதரின் இடது கணுக்காலைக் கையால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கடலுக்குள் நீளும் துறைப் பாலத்திலிருந்து படகேறியது முதல் திரும்பிப் பாலத்தைத் தொடும்வரை கை எடுக்கக் கூடாது. நடுவில் கையை எடுத்தவனுக்கு ஆயுசுக்கும் அந்தக் கால் கிடையாது. அவனிடமிருந்து யார் வாங்கிப் பிடிக்கிறாரோ, அவராக விடும்வரை அது அவருடையது. சப்பரம் தூக்குகிற பேதுரு சபையின் சட்டம் மூன்றே வரி. கோவில் பின்னறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

இருபத்தாறு வருஷமாக அந்தக் கால் சத்துர்னினோவுடையது. அவருக்குச் சொந்தமாகப் படகு இல்லை. மகன்கள் இருவரும் லிமாவுக்குப் போய்விட்டார்கள். பல்லிலும் பாதி இல்லை. கால் இருந்தது. கடைவீதியில் அவர் வந்தால் எழுந்து இடம் கொடுப்பார்கள். அது அவருடைய நரைக்காக இல்லை, புனிதரைப் பிடித்த வலது கைக்காக. ரொட்டி பிய்ப்பதற்குக்கூட அவர் இடது கையைத்தான் பயன்படுத்துவார்.

போன வருஷம் படகு பாதி தூரம் போவதற்குள் சத்துர்னினோ மேற்கே பார்த்து, காற்று மாறுகிறது, திருப்புங்கள் என்றார். காற்று மாறவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஆனாலும் கால் பிடித்தவர் சொல்கிறார் என்று திருப்பினார்கள். பாலத்தைத் தொட்டதும் அவர் நடந்த வேகத்தைப் பார்த்து, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று சாமியார் கவலைப்பட்டார்.

அந்த வருஷம் மீன் குறைந்தது. பல்தோமேரோ பாந்தா இதற்காகவே பிறந்தவர் போலச் சபைக் கூட்டத்தில் எழுந்தார். சத்துர்னினோவைவிட இரண்டு வயது சின்னவர். இருபத்தாறு வருஷமாக அந்தக் காலையே பார்த்துக்கொண்டு சப்பரத்தின் பின்பக்கம் சுமந்தவர். புனிதருக்குக் கொடுத்தது அரைச்சுற்று, அவர் கொடுத்ததும் அரைமீன் என்றார். வருகிற திருவிழாவில் கடற்சிங்கப் பாறையையும் சுற்றி வர வேண்டும், முழுசாக மூன்றரை மணி நேரம் என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். சத்துர்னினோவும் தூக்கினார். தூக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள் அல்லவா.

அப்போது ஒன்றுவிட்ட தம்பியால் நாற்பது நிமிஷம்தான் அடக்க முடிந்தது.

பிப்ரவரியிலிருந்து வைத்தியம் தொடங்கியது. முதலில் அச்சியோத்தே இலை. ஏழு இலை போட்டு ஒரு பானை தண்ணீரில் காய்ச்சி, அந்தப் பானையை அன்றைக்குள் காலி பண்ண வேண்டும். எட்டு இலை போட்டால் கெடுதல், ஆறு போட்டால் பலிக்காது. எண்ணுவது தோரிலாவின் வேலை. அடுத்தது பூசணி விதை. வறுத்து, உரித்து, ஒரு கைப்பிடி. உரிப்பதும் தோரிலாதான். பிறகு பேருந்தில் ஏறிச் சூட்கேஸைத் திறந்த ஒரு கோட்டுக்காரன், மலைநாட்டுச் சிவப்பு மாக்கா கிழங்குப் பொடியை ஒரு டப்பா வாங்கினால் ஒரு டப்பா இலவசம் என்று தலையில் கட்டினான். அந்தப் பொடி புராஸ்டேட் சுரப்பியைச் சுருக்கும், தலைமுடியை வளர்க்கும், தாம்பத்தியத்தைப் புதுப்பிக்கும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. சத்துர்னினோ மூன்று வாரம் சாப்பிட்டுவிட்டுத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மற்ற இரண்டைப் பற்றித் தோரிலா எதுவும் சொல்வதற்கில்லை.

புளோரிடாவில் இருக்கும் மருமகப்பிள்ளை குட்டைப்பனங்காய் மாத்திரை அனுப்பினான். இரண்டு அங்குல நீளம். விழுங்குவதற்கு முழுசாக இரண்டு தம்ளர் தண்ணீர் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே மெல்ச்சோராவின் வண்டி. மீன் சந்தை முனையில் விடியற்காலையிலேயே எமோலியெந்தே விற்கிறவள். பார்லி, ஆளிவிதை, குதிரைவால் பூண்டு எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்து, எலுமிச்சை பிழிந்து, கொழகொழவென்று சூடாகத் தருகிற கஷாயம். வண்டியில் ஒரு பலகை தொங்கும். சிறுநீரகம், ஈரல், நரம்பு, புராஸ்டேட், மனக்கவலை என்று வரிசையாக எழுதியிருக்கும். சத்துர்னினோ குதிரைவாலைத் தூக்கலாகப் போடச் சொல்லிக் காலையில் மூன்று தம்ளர் குடிப்பார். வீட்டுக்கு ஒரு புட்டி வாங்கியும் வருவார்.

ஆக, நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை மூத்திரம் வருகிற மனுஷன், அதை நிறுத்துவதற்காக ஒரு நாளைக்கு நாலு லிட்டர் குடித்துக்கொண்டிருந்தார். தோரிலா ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள்.

"படகுக்குள்ள தண்ணி ஏறுதுன்னு யாராவது வாளியில மொண்டு உள்ள ஊத்துவாங்களா?"

"இது ஆம்பளைங்க உடம்பு. உனக்குத் தெரியாது," என்றார் சத்துர்னினோ.

தெரியாதுதான் என்று அவள் விதை உரிக்கப் போய்விட்டாள்.

பயிற்சியும் நடந்தது. கொல்லையில் சாப்பாட்டு மேசையின் காலை வலது கையால் பிடித்துக்கொண்டு சத்துர்னினோ நிற்பார். வானொலியில் பாட்டு நிகழ்ச்சி தொடங்கும்போது பிடிப்பார். பிப்ரவரியில் பதினோரு பாட்டு வரை நின்றார். மார்ச்சில் பத்து. ஏப்ரலில் அச்சியோத்தேயும் குதிரைவாலும் நன்றாக உடம்பில் ஊறிய பிறகு, ஏழாவது பாட்டின் நடுவிலேயே மேசைக்காலை விட்டுவிட்டு ஓடினார். வைத்தியம் வேலை செய்கிறது, அழுக்கு வெளியேறுகிறது என்று திரும்பி வந்து சொன்னார். மூன்று மாதமாக வெளியேறுவதற்கு உள்ளே எவ்வளவு அழுக்கு இருக்கும் என்று தோரிலா கணக்குப் போட்டுப் பார்த்துக் களைத்துப்போனாள்.

மே மாதம் அவரைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முட்டி வலி என்று சொன்னதால்தான் அவரே வந்தார். ஒரு வருஷ ஊழியத்துக்காக மலைநாட்டிலிருந்து வந்திருந்த டாக்டர் யெசேனியாவுக்கு மிஞ்சிப்போனால் இருபத்தேழு வயது இருக்கும். முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, முட்டியில் ஒன்றுமில்லை, வேறு ஏதாவது உண்டா என்றாள். சத்துர்னினோ சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தபடி ஒன்றுவிட்ட தம்பியின் கதையைச் சொன்னார். டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

"உங்க தம்பிக்கு என்ன வயசு?"

"அறுபத்தெட்டு."

"உங்களுக்கு?"

"அறுபத்தெட்டு."

"ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கணும். அப்புறம் நான் விரலால ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும், பத்து விநாடி. சாதாரண வீக்கமா, வேற ஏதாவதான்னு அப்பத்தான் தெரியும். சாதாரணம்னா மாத்திரை இருக்கு. வேற ஏதாவதுன்னா சீக்கிரம் பார்க்கிறது நல்லது. தம்பியைக் கூட்டிட்டு வாங்க, தோன் சத்துர்னினோ," என்று பெரியவர்களுக்குப் போடும் 'தோன்' போட்டே சொன்னாள்.

தம்பி ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டுத் தோன் சத்துர்னினோ எழுந்து நடந்த நடையில் முட்டி வலி சுத்தமாகக் குணமாகியிருந்தது. இருநூறு கிலோ வலையை இழுத்த மனுஷன். புயலில் இரண்டு தடவை படகு கவிழ்ந்து நீந்தி வந்தவர். ஒரு சின்னப் பெண்ணின் ஒற்றை விரல் அவரைத் தெருக்கோடிவரை துரத்தியது. இந்தத் துறையில் பிறந்த ஆம்பிளையை அப்படியெல்லாம் தொட முடியாது என்று வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டு வந்தார். வழியில் இரண்டு இடத்தில் ஒதுங்கினார்.

தோரிலாவுக்கு "வேற ஏதாவது" என்ற சொல் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது. கஷாயத்தில் ஏதாவது பலன் உண்டா என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று, திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் மெல்ச்சோராவின் வண்டிக்குத் தனியாகப் போனாள். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றாள். பிறகுதான் குதிரைவால் எதற்கு என்று கேட்டாள்.

"ஒண்ணுக்குப் போறதுக்குத்தான் அக்கா," என்றாள் மெல்ச்சோரா.

"அடக்குறதுக்கு இல்லையா?"

"அடக்குறதுக்கு ஏது மூலிகை? கல்லு இருக்கிறவங்களுக்கு, காலு வீங்கினவங்களுக்குத்தான் எங்கம்மா குடுக்கும். தண்ணியை இறக்கிவிடும்."

"பலகையில புராஸ்டேட்னு போட்டிருக்கியே."

மெல்ச்சோரா பலகையைத் திரும்பிப் பார்த்தாள். "அது எங்க மருமகன் எழுதினது. இடம் மிச்சம் இருந்துச்சு, எழுதிட்டான்."

கொஞ்ச நேரம் தம்ளர் கழுவிவிட்டு, தணிந்த குரலில் இன்னொன்றும் சொன்னாள். அந்த வரியைப் படித்துவிட்டு வருகிறவர் சத்துர்னினோ மட்டும் இல்லையாம். பேதுரு சபை முழுக்க வருகிறது. ஆனால் ஒருவர் வருகிற நேரத்துக்கு இன்னொருவர் வருவதில்லை. ஐந்து மணிக்கு ஒருவர், ஐந்தேகாலுக்கு ஒருவர். தூரத்தில் ஆள் தெரிந்தால் முந்தினவர் தம்ளரை வைத்துவிட்டு நழுவிவிடுவார். பல்தோமேரோ ஐந்தரை மணிக்காரர்.

தோரிலா இதைப் புருஷனிடம் சொன்னாள், பல்தோமேரோ விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. மெல்ச்சோராவுக்கு என்ன படிப்பு, பலகையில் அச்சடித்த மாதிரி எழுதியிருக்கிறதே என்றார் அவர். திருவிழாக் காலையில், இன்றைக்குத்தான் அது முழு வேலை செய்ய வேண்டிய நாள் என்று சொல்லி, ஆறு தம்ளர் குடித்துவிட்டு வந்தார்.

படகில் சபையார் பதினோரு பேர், செபமாலை சொல்லும் பெண்கள் ஆறு பேர், சாமியார், ஊதுகுழலும் மத்தளமுமாக நாலு பேர், படகோட்டி, நடுவில் பேதுரு. மற்ற நாளென்றால் ஆண்களுக்குப் படகின் விளிம்பு போதும். அன்றைக்குப் படகு கோவில். கோவிலுக்குள் எவன் அவிழ்ப்பான்?

ஜூன் மாதத்துப் பனிமூட்டம். குளிர் வேறு. தோரிலா செபமாலையை உருட்டியபடி எதிரே உட்கார்ந்து புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் அரைமணி அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அப்புறம் எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றினார். கடற்சிங்கப் பாறை மூட்டத்துக்குள் தெரிந்தபோது அவர் நெற்றியில் வேர்வை. அந்தக் குளிரில் படகில் வேறு யாருக்கும் வேர்க்கவில்லை என்று நினைத்தவள், சுற்றிலும் பார்த்தாள். சபையார் பதினோரு பேருக்கும் வேர்த்திருந்தது. பல்தோமேரோ பாந்தா முட்டிகளை ஒட்டவைத்து, உதட்டைக் கடித்து, வானத்தில் ஏதோ ஒரு கூழைக்கடாவை வெகு பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அலை ஒன்று படகைத் தூக்கி இறக்கியது. சத்துர்னினோவின் முகம் சாம்பலாகிவிட்டது. அவர் தோரிலாவைப் பார்த்தார். நாற்பத்தியொரு வருஷத்தில் அந்தப் பார்வையை அவள் பார்த்ததில்லை. புயலில் இருந்து நீந்தி வந்த அன்றைக்குக்கூட.

"எனக்கு ஒண்ணுக்குப் போகணும்," என்றார் சத்துர்னினோ.

ஊதுகுழல் நின்றுவிட்டது. அறுபது வயதைத் தாண்டிய ஆம்பிளை ஒருவன், ஒன்றுவிட்ட தம்பியின் துணையில்லாமல், தன் வாயால் அந்த வாக்கியத்தைச் சொல்லி அந்தத் துறை கேட்டதில்லை. சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட்டார். இருபத்தாறு வருஷம் அந்த ஒரு விநாடியில் முடிந்துபோயிற்று. படகின் பின்பக்கம் போய், வலைக் குவியலுக்கு அப்பால் கடலைப் பார்த்து நின்றுகொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா என்பது மற்றவர்களுக்குத் தெரியாது.

பேதுரு ஆடினார். எல்லோரும் பல்தோமேரோவைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் கால் நூற்றாண்டு ஆசை பளிச்சென்று மின்னியது. ஒரு அடி எடுத்து வைத்தார். அந்த ஒரு அடியிலேயே அவருக்கு நிலைமை புரிந்துவிட்டது. நின்றார். தனக்கும் முட்டி வலி, இரண்டு மணி நேரமெல்லாம் ஒரே இடத்தில் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டு, இரண்டாவது அடியைப் படகின் பின்பக்கமாக எடுத்து வைத்தார். அடுத்தவருக்கும் முட்டி. அதற்கடுத்தவருக்கு இடுப்பு. பதினோரு பேரில் காலைப் பிடிக்க ஒரு கை நீளவில்லை. அடுத்த அலை வந்தது, பேதுரு சாய்ந்தார்.

தோரிலா செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு புனிதரின் கணுக்காலைப் பிடித்தாள். மரம் சில்லென்று இருந்தது. பெயிண்ட் உரிந்த இடத்தில் சத்துர்னினோவின் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம்.

பெண்பிள்ளை பிடிக்கலாமா என்று பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. மூன்று வரியில் எந்த வரியில் கூடாது என்று இருக்கிறது என்று தோரிலா கேட்டாள். சாமியார் மனசுக்குள் மூன்று வரியையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றிலும் இல்லை என்றார்.

"எல்லாரும் ஒரே நேரத்துல பின்னாடி போகாதீங்க," என்றாள் தோரிலா. "படகு சாயும். ரெண்டு ரெண்டு பேரா போங்க."

அவர்கள் இரண்டிரண்டு பேராகப் போனார்கள். சாமியார் பெண்களை மேற்கே திரும்பிச் செபிக்கச் சொன்னார்.

தோரிலா இருபத்திரண்டு வருஷம் மீன் டின் ஆலையில் நெத்திலி அரிந்தவள். ஈரத் தரையில் பத்து மணி நேரம் நின்றபடி. கழிப்பறைச் சாவி மேஸ்திரியின் இடுப்பில் தொங்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் சாவி. ஐந்து பிள்ளைகளை ஒவ்வொன்றாகச் சுமந்தபோதும் ஒரு தடவைதான். அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் விழுந்த பெண்கள் எத்தனையோ பேர். அதற்கு எந்த வண்டியிலும் பலகை தொங்கவில்லை, எந்தக் கோட்டுக்காரனும் பேருந்தில் ஏறிப் பொடி விற்கவில்லை. அடக்குவது எப்படி என்று ஊரே நாலு லிட்டர் குடித்து ஆராய்ச்சி பண்ணியபோது, தெரிந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து பூசணி விதை உரித்துக்கொண்டிருந்தாள். அவளை ஒருவரும் கேட்கவில்லை. அவளும் அன்று காலையிலிருந்து அரைக்கோப்பைக் காப்பிக்கு மேல் குடிக்கவில்லை. அந்த ஆலைப் பழக்கம் இன்னும் போகவில்லை.

பாறையைச் சுற்றினார்கள். கடற்சிங்கங்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டன. பாலத்தைத் தொட்டபோதுதான் அவள் கையை எடுத்தாள். கரையில் நின்றவர்கள், கால் பக்கத்தில் நிற்பது யார் என்று மூட்டத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள்.

அந்த வருஷம் மீன் அள்ளிக்கொண்டு வந்தது. தண்ணீர் குளிர்ந்தால் மீன் வரும், அதற்கும் காலுக்கும் சம்பந்தமில்லை என்று படகோட்டி சொன்னான். அரைச்சுற்றுக்கும் அரைமீனுக்கும் சம்பந்தம் கண்டுபிடித்த பல்தோமேரோ வலையைத் தைக்கக் குனிந்துகொண்டார்.

சத்துர்னினோ இரண்டு நாள் கடைவீதிப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் வலது கையால் ரொட்டி பிய்த்தார். தோரிலாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"நீயா விட்டா அது அடுத்தவனுக்கு வரும். அப்படித்தானே சட்டம்?" என்றார் அவர் தட்டைப் பார்த்தபடி.

"அப்படித்தான்."

"வர்ற வருஷம் நான் பக்கத்துல நின்னா?"

"நாலு மணி நேரம் அடக்க முடியாதவன் கையில குடுக்க முடியாது. கைமாறின காலு உனக்குத் திரும்ப உண்டான்னு சாமியாரைக் கேட்கணும். அதுக்கு முன்னாடி சுகாதார நிலையத்துச் சீட்டைக் கொண்டா. அப்புறம் பார்க்கலாம்."

திங்கட்கிழமை அவர் போனார். தம்பியை விட்டுவிட்டுத் தனியாக. வராந்தாவில் சபையார் ஏழு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள், எல்லோருக்கும் முட்டி. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல்தோமேரோ நகர்ந்து இடம் கொடுத்தார். உள்ளே பத்து விநாடிகூட ஆகவில்லை என்று சத்துர்னினோ பிறகு சொன்னார். அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது போலத் தோரிலாவுக்குப் பட்டது. ரத்தம் எடுத்தார்கள், நகரத்துக்கு அனுப்பி ஸ்கேன் பார்த்தார்கள். சாதாரண வீக்கம்தான், வேறு ஏதாவது இல்லை. அந்தச் சீட்டைத் தோரிலா இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு சமையலறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

தினம் ஒரு மாத்திரை. சட்டென்று எழுந்திருந்தால் தலை சுற்றும், மெதுவாக எழுந்திருக்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு தண்ணீரைக் குறைக்க வேண்டும். குதிரைவாலை நிறுத்தச் சொன்னாள் டாக்டர். குட்டைப்பனங்காய் மாத்திரையால் சிலருக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கிறதாம், நிறையப் பேருக்கு ஒன்றும் தெரிவதில்லையாம். பூசணி விதை ருசிக்காகச் சாப்பிட்டால் தப்பில்லை, அற்புதத்துக்குப் பேதுருவைத்தான் கேட்க வேண்டும் என்றாளாம். இப்போதெல்லாம் விதையை அவரே உரித்துக்கொள்கிறார். கொல்லையில் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு நாற்பது பாட்டு வரை நிற்கிறார்.

மெல்ச்சோரா மருமகனிடம் சொல்லிப் பலகையில் அந்த வரியை அழித்தாள். வியாபாரம் பாதியாகிவிட்டது. அடுத்த வாரமே அந்த இடத்தில் முட்டி வலி என்று எழுதவைத்தாள்.

அடுத்த ஜூன் இருபத்தொன்பதாம் தேதி சத்துர்னினோ சலவைச் சட்டை போட்டு, படகில் தோரிலாவுக்குப் பக்கத்திலேயே நின்றார். சீட்டு பையில் இருந்தது. சாமியாரையும் கேட்டாயிற்று, நாற்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர்களுக்குள் கைமாறினால் தான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பாறை வந்தது. இங்கேதான், இப்போது விடு என்கிற மாதிரி சத்துர்னினோ தொண்டையைச் செருமினார்.

தோரிலா விடத்தான் நினைத்திருந்தாள். ஆனால் அன்றைக்கு மூட்டம் இல்லை. ஆலையில் நின்ற இருபத்திரண்டு வருஷமும் அவள் பார்த்தது எதிர்ச்சுவரைத்தான். படகின் நடுவிலிருந்து பார்த்தால் குடா முழுக்கத் தெரிகிறது, ஊர் முழுக்கத் தெரிகிறது, அந்த ஆலையின் புகைபோக்கி சுண்டுவிரல் அளவுக்குத்தான் தெரிகிறது. கட்டைவிரலைப் பள்ளத்தில் வாகாக வைத்துக்கொண்டாள்.

"திரும்புறப்ப பார்க்கலாம்," என்றாள்.